ஒரு தீவு, ஒரு கல்லூரி, இரு மாணவர்

கல்லூரி ஒன்றின் பெருமையை எதைக்கொண்டு அளப்பது என்ற வினா ஆசிரியருலகிற் பழையது. பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு அளப்பாரும் உளர். கட்டடங்களின் எடுப்பைக் கொண்டு அளப்பாரும் உளர். இவ்வினாவை எண்ணுந்தோறும் என் நினைவுக்கு வருவது, கரிபியன் கடலிலுள்ள சென் லூசியாத் தீவின் தலைநகராகிய காஸ்ட்ரீசில் அமைந்த சென் மேரீஸ் கல்லூரியாகும். ஏறத்தாழ 616 சதுர கிலோமீற்றர் பரப்பும், இரண்டு இலட்சத்துக்குக் குறைந்த மக்கட்டொகையும் உடைய அச்சிறு தீவு, இரு நோபல் பரிசாளரை உலகுக்கு அளித்திருக்கின்றது. 1979ஆம் ஆண்டிற் பொருளியற் பரிசைப் பெற்ற ஆதர் லூயிஸ் ஒருவர். 1992ஆம் ஆண்டில் இலக்கியப் பரிசைப் பெற்ற டெரெக் வால்கொட் மற்றவர். இருவரும் காஸ்ட்ரீசிற் பிறந்தவர். இருவரும் சென் மேரீசிற் பயின்றவர். பிறந்த நாளும் இருவர்க்கும் சனவரி 23தான். ஆண்டுகளே வேறு: லூயிஸ் 1915இலும், வால்கொட் 1930இலும் பிறந்தனர்.

பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறிமாறிப் பதினான்கு முறை ஆண்ட தீவு அது. 1814இல் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி ஆங்கிலத்தில் நடந்தது. பெரும்பாலோரின் சமயம் கத்தோலிக்கம். வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசியதோ பிரெஞ்சின் வழிவந்த கிரியோல் மொழி. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களே மக்களிற் பெரும்பாலார். பெண்பிள்ளைகளுக்குக் கன்னியர் மடப் பாடசாலை முன்னரே இருந்தது. ஆண்பிள்ளைகளின் இடைநிலைக் கல்விக்கென லூயி தப்போன் என்னும் குருவானவர் 1890ஆம் ஆண்டிற் சென் மேரீஸ் கல்லூரியைத் தொடக்கினார். 1940களில் அயர்லாந்தின் துறவுச் சகோதரர்கள் அதன் பொறுப்பை ஏற்றனர். நகரின் நடுவே தொடங்கிய கல்லூரி பின்னாளிற் கடலை நோக்கிய விஜிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது.

ஒரு காலத்தில் இலங்கைப் பாடசாலைகளையும் ஆட்டிவைத்த கேம்பிரிட்ஜ்ப் பரீட்சையே அங்கும் கோலோச்சியது. இலத்தீனும் ஆங்கில இலக்கியமும் மாணவர்க்கு ஊட்டப்பட்டன. மாணவரின் தாய்மொழியாகிய கிரியோலுக்கு வகுப்பறையில் இடமில்லை. இந்தக் கல்வியின் உச்சியில் இருந்தது அரசாங்கப் புலமைப்பரிசில். பிரித்தானியப் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல ஏழை மாணவனுக்கு அதைவிட வேறு வழி அரிது. அந்தப் பரிசிலின் முன்னே நம் மாணவர் இருவரும் நின்ற விதமே, நான் இங்கு முக்கியமாகச் சொல்ல விழைவது.

லூயிசின் பெற்றோர் அன்ரிகுவாத் தீவிலிருந்து வந்து குடியேறியவர், இருவரும் ஆசிரியர். ஏழு வயதில் நோயுற்று வீட்டிலிருந்த மகனுக்குத் தந்தையே பாடஞ்சொன்னார். பாடசாலை இரண்டாண்டிற் கற்பிப்பதை மூன்று மாதத்திற் கற்பித்துவிட்டாராம். திரும்பிச் சென்ற சிறுவன் நாலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஏற்றப்பட்டான். தன்னினும் இரண்டு மூன்று வயது மூத்தவரோடு படிக்க நேர்ந்தது உடல்வலிமையில் தாழ்வுணர்ச்சியைத் தந்ததென்றும், உயர்ந்த புள்ளிகளே எல்லாம் ஆகா என்ற தெளிவையும் உடன் தந்ததென்றும் லூயிஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். அவர் சிறுவனாயிருந்தபோதே தந்தை இறந்தார். ஐந்து ஆண்மக்களையும் தாயே வளர்த்தார்.

பதினான்கு வயதிற் கல்லூரிப் படிப்பு முடிந்தது. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு வயது போதாமையால் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். 1932இற் பரீட்சை எழுதி வென்றார். பொறியியலே அவர் விருப்பம். ஆயினும் கறுப்பினப் பொறியியலாளனுக்கு அரசாங்கமும் வேலை தராது. வெள்ளையரின் கம்பெனிகளும் தரமாட்டா. ஆதலின் லண்டன் பொருளியற் கல்லூரியில் வணிகத்துறையை நாடினார். 1948இல் மன்செஸ்டரிற் பேராசிரியரானார். 1954இல் வெளிவந்த அவருடைய ஆய்வுரை, வறிய நாடுகளின் பழந்தொழில்களிற் தேங்கிக் கிடக்கும் உழைப்பாளர் புதிய தொழில்களுக்குப் பெயர்வதால் வளர்ச்சி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்கிற்று. நோபல் பரிசுக்கு வழிகோலியது அதுவே. அவர் அப்பரிசைப் பெற்ற 1979ஆம் ஆண்டிலேயே அவர்தம் தீவும் சுதந்திரம் பெற்றது.

வால்கொட்டின் கதை வேறு. தந்தையைக் கைக்குழந்தையாயிருக்கையிலேயே இழந்த அவரையும் ஆசிரியையான தாயே வளர்த்தார். கத்தோலிக்கத் தீவில் அக்குடும்பம் மெதடிஸ்த சபையைச் சார்ந்தது. 1944இல், பதினான்கு வயதில், அவர் எழுதிய கவிதை உள்ளூர்ப் பத்திரிகையில் வெளிவந்தது. அது சமயத்துக்கு மாறானதெனக் கத்தோலிக்கக் குரு ஒருவர் பத்திரிகையிலேயே கண்டித்தார். பள்ளிச் சிறுவனைக் குருவானவர் பலரறிய மறுத்துரைத்தால், எத்தனை பேனாக்கள் அன்றோடு உறங்கிவிடும்! இச்சிறுவன் பேனா உறங்கவில்லை. 1948இல் தாயிடம் இருநூறு டொலர் பெற்று முதற்கவிதைத் தொகுதியை அச்சிட்டு, தெருமூலைகளில் நின்று தாமே விற்று அப்பணத்தை மீட்டார்.

அத்தகைய மாணவருக்குப் புலமைப்பரிசில் கிட்டவில்லை. கணிதம் காலை வாரிவிட்டது. தாம் படித்த கல்லூரியிலேயே சிலகாலம் ஆசிரியராயிருந்து, வேறோர் உதவிநிதியின் துணையோடு 1950இல் ஜமெய்க்காவிலுள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். கரிபியன் மீனவர்களைக் காவிய மாந்தராக்கிய ஓமெரொஸ் என்னும் நெடுங்கவிதை 1990இல் வெளிவந்தது. இரண்டாண்டிற் பரிசு வந்தது.

ஒரே பரீட்சை ஒருவரை ஏற்றது, மற்றவரைத் தள்ளியது. உலகமோ இருவரையும் ஏற்றது. இதனாற் பரீட்சை வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. அப்பரீட்சை இல்லையேல் லூயிஸ் என்னும் எழுதுவினைஞர் காஸ்ட்ரீஸ் அலுவலகத்திலேயே முதுமை எய்தியிருத்தல் கூடும். ஆனால் பரீட்சை தள்ளிய பிள்ளைக்கு இரண்டாவது வாயில் ஒன்று திறந்திருக்க வேண்டும். வால்கொட்டுக்குத் தாயின் இருநூறு டொலரும், கல்லூரி தந்த ஆசிரியப் பணியும், பின்வந்த உதவிநிதியும் அவ்வாயில்களாயின. எவ்வாயிலும் திறவாத பிள்ளைகள் அத்தீவில் எத்தனை பேரோ! தீவின் சிறுவர் அனைவர்க்கும் இடைநிலைக் கல்வி 2006ஆம் ஆண்டிலேதான் கைகூடியது. இரு பரிசுகளையும் பாராட்டும்போது, அதற்கு முன் கல்லூரி வாயிலையே மிதியாது போனவர்களையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

லூயிஸ் 1991இலும், வால்கொட் 2017இலும் மறைந்தனர். ஆண்டுதோறும் சனவரியில் அத்தீவு இருவரையும் ஒருங்கே நினைத்து விழாவெடுக்கின்றது. பெறுபேறுகளை எதிர்பார்த்துக் கலங்கியிருக்கும் நம் மாணவருக்கு, வென்ற லூயிசின் கதையைச் சொல்லும் ஆசிரியர்கள் தோற்ற வால்கொட்டின் கதையையும் சேர்த்தே சொல்வார்களாக.