எடையும் நடையும்

உங்கள் வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை இருக்கிறதா? அது நடந்து போகும்போது பின்னால் நின்று பாருங்கள். நடையைப் பார்த்தே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம்.

எடை கூடினால் நடை ஏன் மாறுகிறது?

நெல் மூட்டை சுமப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கால் வீசி நடப்பதில்லை. காலைச் சற்று அகட்டி வைக்கிறார். சின்னச் சின்ன அடியாக எடுத்து வைக்கிறார். சுமை சாயாமல் இருக்க உடம்பு அப்படிச் செய்கிறது.

எடை கூடிய பிள்ளையும் இப்படித்தான் நடக்கிறது. மூட்டை சுமப்பவர் சுமையை இறக்கி வைக்கலாம். பிள்ளையால் முடியாது.

நடக்கும்போது ஒரு கால் முன்னே போகிறது. அப்போது மறு கால்தான் முழு எடையையும் தாங்குகிறது. அடுத்த அடி மாறும்போது சிறிது நேரம் இரண்டு காலும் தரையில் இருக்கும். எடை கூடிய பிள்ளைகளுக்கு இந்த நேரம் நீளுகிறது. இரண்டு பாதங்களுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. வேகம் குறைகிறது.

முழங்காலுக்கு எவ்வளவு பாரம்?

சமதரையில் நடந்தாலே, முழங்கால் மூட்டின் மேல் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு பாரம் விழுகிறது. பிள்ளையின் எடை 40 கிலோ என்றால், ஒவ்வோர் அடியிலும் 80 முதல் 120 கிலோ பாரம். அதே உயரமுள்ள பிள்ளை 60 கிலோ இருந்தால், 120 முதல் 180 கிலோ பாரம்.

ஆகவே, மெதுவாக நடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். "தேர் அசைந்து வருகிறது" என்று கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பயந்து பிள்ளை விளையாட்டை விட்டுவிடும். விளையாட்டை விட்டால் எடை மேலும் கூடும்.

நொண்டினால் காத்திருக்காதீர்கள்

வளரும் வயதில் தொடை எலும்பின் தலைக்குக் கீழே மெல்லிய குருத்தெலும்பு இருக்கும். எலும்பு வளரும் இடம் அது. அதிக எடையால் அந்த இடத்தில் எலும்பின் தலை நழுவிவிடலாம். பெரும்பாலும் 10 முதல் 16 வயதுக்குள் இது வருகிறது. எடை சரியாக உள்ள பிள்ளைக்கும் சில சமயம் வரலாம்.

இதன் அடையாளங்கள்:

* பிள்ளை நொண்டி நடக்கும்.
* இடுப்பு, தொடை அல்லது முழங்கால் வலிக்கும்.
* ஒரு பாதம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பும்.

இடுப்பில் கோளாறு இருந்தும் முழங்கால் மட்டும் வலிக்கலாம். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்துகிறார்கள்.

காலைப் பிடித்து இழுக்கவோ, உருவவோ கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலை ஊன்றவே முடியாவிட்டால் பிள்ளையை நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு போங்கள். சீக்கிரம் போனால் அறுவை சிகிச்சை செய்து, திருகாணி பொருத்தி, எலும்பு மேலும் நழுவாமல் நிறுத்தலாம். தாமதித்தால் இடுப்பு மூட்டு ஆயுள் முழுவதும் கெட்டுப்போகலாம்.

எடையைச் சீராக வைப்பது எப்படி?

2016 முதல் 2018 வரை நம் நாட்டில் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 100க்கு 24 பேர் மெலிந்திருந்தார்கள். 100க்கு 5 பேர் எடை கூடியிருந்தார்கள். ஒரே தெருவில் இரண்டு வகைப் பிள்ளைகளும் இருக்கலாம். ஆகவே உயரம், எடை இரண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எடை கூடிய பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். வளரும் உடம்புக்குச் சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், சர்க்கரை பானம் இவற்றைக் குறையுங்கள். வலி இல்லாத பிள்ளை தினமும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சைக்கிள், நீச்சல், கபடி எதுவும் நல்லதே. பெண் பிள்ளைகளையும் விளையாட விடுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. எடை கூடிய பிள்ளை ஏன் காலை அகட்டி நடக்கிறது?
2. முழங்கால் வலித்தால் இடுப்பையும் ஏன் பார்க்க வேண்டும்?
3. உங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா?