காற்றைக் கழுவும் அரை நொடி விருந்தாளி

மார்கழியில் தில்லி வாசலில் கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், இங்கே பனியோடு புகையும் சேர்ந்து இறங்குகிறது என்று. என் மகளுக்கு மூச்சிறைப்பு உண்டு. இந்தப் புகை எல்லாம் கடைசியில் எங்கே போகிறது என்று, இயற்பியல் படித்தவன் என்ற முறையில், தேடிப் படித்தேன். அதில் சிலவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புகைத் துகள்களை மழையும் காற்றும் அகற்றுகின்றன. கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்களை அகற்றுவது பெரும்பாலும் ஹைட்ராக்சில் என்னும் மூலக்கூறு. ஓர் ஆக்சிஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். வெயிலின் புற ஊதாக் கதிர் ஓசோனை உடைக்க, அதிலிருந்து வரும் ஆக்சிஜன் நீராவியோடு சேர்ந்து இது பிறக்கிறது. தரையை ஒட்டிய காற்றிலும் இது உண்டு என்று 1971-இல் விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி ஹிராம் லெவி. இதன் ஆயுள் ஒரு நொடிகூட இல்லை.

இதை எண்ணுவது எப்படி? ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். அவற்றுள் ஹைட்ராக்சில் 10 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 25 லட்சம் கோடிக்கு ஒன்று! குப்பியில் பிடித்துப் போகவும் முடியாது. சுவரில் பட்டாலே மறைந்துவிடும்.

லேசர்தான் கைகொடுத்தது. முதலில் 282 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினார்கள். அந்த ஒளியே ஓசோனை உடைத்துப் புதிய ஹைட்ராக்சிலை உண்டாக்கிவிட்டது. தலை எண்ண வந்தவரே பந்தியில் உட்கார்ந்த கதை! 1980-களில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹார்டு, ஓ'பிரையன் குழுவினர் காற்றைச் சிறு துளை வழியாகக் குறைந்த அழுத்த அறைக்குள் இழுத்தார்கள். அங்கே மோதல்கள் குறைவு; ஹைட்ராக்சிலின் ஒளிர்வு சற்று நீடிக்கும். பின்னர் 308 நானோமீட்டர் லேசர் வழக்கத்துக்கு வந்தது. அதில் ஓசோன் தொல்லை மிகவும் குறைவு. லேசர் துடிப்பு அணைந்தபின் கருவி கண் திறந்து, மிச்ச ஒளிர்வை எண்ணுகிறது. அலைநீளத்தைச் சற்றே விலக்கி மறுபடி எண்ணி, வித்தியாசத்தைக் கணக்கெடுக்கிறார்கள்.

இந்த எண்ணிக்கை நமக்கு எதற்கு? நகரக் காற்றில் இதே துப்புரவாளர், வண்டிப் புகையோடும் பெட்ரோல் ஆவியோடும் சேர்ந்தால், ஓசோனும் நுண்துகளும் உண்டாக வழி செய்கிறது. சில நகரங்களில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் குறைத்தால் ஓசோன் கூடக்கூடும். எதை முதலில் குறைப்பது என்று தீர்மானிக்க அளவுதான் வழிகாட்டி. அளக்காமல் போட்ட மருந்து நோயைக் கூட்டிவிடலாம் அல்லவா?