முதலில் பாதை, பிறகு வீடு

கல்லூரியை ஒட்டி எழும் பெரிய குடியிருப்புகளைக் கட்டம் கட்டமாகக் கட்டுவது வழக்கம். கட்டுநருக்கு இதில் பணக் கணக்கு இருக்கிறது. முதல் தொகுதி விற்ற காசில்தான் அடுத்ததற்கு அஸ்திவாரம் போட முடியும். அக்கம்பக்கத்தாரின் கணக்கு வேறு. சாலை, சாக்கடை, குடிநீர், பள்ளிக்கூடம் எல்லாம் வந்த பிறகே ஆள் வர வேண்டும் என்கிறார்கள். கட்டுநர் கேட்பது தவணை. ஊர் கேட்பது வரிசை. இந்த வேறுபாடு புரியாமல் வகுக்கப்படும் திட்டங்கள்தான் பெரும்பாலும் எதிர்ப்பில் சிக்குகின்றன.

கல்லூரி இருக்கும் ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். மாணவர் சேர்க்கை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுவந்து இறக்கிவிடும். வீடு கட்டிமுடிக்கவோ வருடங்கள் ஆகும். விடுதியில் இடம் கிடைக்காத நாலைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், அவர்கள் தரும் வாடகையை ஒற்றைச் சம்பளக் குடும்பத்தால் தர முடியாது. ஆக, புதிய வீடு வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. எங்கே, எப்போது, எந்த வழியாக என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டையை வெளிப்படையாகப் போட்டுப் பார்த்த ஊர், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள டேவிஸ். சுமார் 65,000 பேர் வாழும் நகரம். அதை ஒட்டியே 35,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகம். சுற்றிலும் வளமான விளைநிலம். அந்த விளைநிலத்தை மனையாக்குவதானால் நகர மன்றம் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, வாக்காளர்களும் ஒப்ப வேண்டும் என்று 2000-இல் அந்நகர மக்களே வாக்களித்து விதி செய்துகொண்டார்கள். வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட திட்டத்தின் அடிப்படை அம்சங்களைப் பிற்பாடு மாற்ற வேண்டுமானால் மறுபடியும் வாக்கெடுப்பு. கட்டுநர் மேடையில் சொன்னதைக் காகிதத்திலும் கட்டிப்போடும் ஏற்பாடு இது.

2005-இல் கோவெல் வில்லேஜ் என்ற பெயரில் 1,800-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கான திட்டம் வாக்குக்கு வந்தது. பெருவாரியாகத் தோற்றது. அதற்குப் பிறகும் மாணவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2016-இல் நகரின் அடுக்குமாடி வாடகை வீடுகளில் காலியாக இருந்தவை வெறும் 0.2 விழுக்காடு; ஆயிரம் வீட்டில் இரண்டு. 5 விழுக்காடாவது காலியாக இருந்தால்தான் வாடகைச் சந்தை சீராக ஓடும் என்பது பொதுவான கணிப்பு.

அந்த நெருக்கடிக்கு நடுவில் வந்தது நிஷி திட்டம். பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஒருபுறம் நெடுஞ்சாலை, மறுபுறம் ரயில் பாதை என்று இரண்டுக்கும் இடையில் சிக்கிய சுமார் 47 ஏக்கர் நிலம். 2016 ஜூனில் வைத்த முதல் திட்டத்தில் வீடுகளோடு ஆராய்ச்சி அலுவலகங்களும் இருந்தன. கார்கள் ரிச்சர்ட்ஸ் பூல்வார்டு பக்கமாகவும் வந்துபோகும். அந்தச் சாலை ரயில் பாதைக்கு அடியில் குறுகலான பழைய சுரங்கப்பாதை ஒன்றில் நுழைகிறது. ஏற்கெனவே அங்கே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். குறைந்த வாடகை வீடுகள் இல்லை என்ற குறையும் சேர்ந்துகொண்டது. சில நூறு வாக்குகள் வித்தியாசத்தில் திட்டம் தோற்றது.

இரண்டே ஆண்டில் அதே நிலம் மறுபடி வாக்குக்கு வந்தது. இந்த முறை அலுவலகங்கள் கிடையாது. சுமார் 2,200 மாணவர் படுக்கைகள், அவற்றில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்கு. ரிச்சர்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்களின் கார்களுக்கு வழியே இல்லை. ரயில் பாதையைக் கடந்து பல்கலைக்கழகத்துக்குள் போகும் புதுவழி ஒன்றுதான். அந்த வழி அமையாமல் எவரும் குடியேற முடியாது என்பது தானாகவே முடிவாகிவிட்டது. சுமார் 60 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். வீடுகளைக் குறைத்ததால் கிடைத்த ஆதரவல்ல இது. எது முதலில் என்பதை எழுதிக்கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம் எனலாம்.

இதன் மறுபக்கத்தையும் நிஷியே காட்டியது. ரயில் நிறுவனமும் பல்கலைக்கழகமும் இசைந்தால்தான் அந்தக் கடவு கட்ட முடியும். வாக்கெடுப்பு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அங்கே ஒரு கட்டடமும் எழவில்லை. நிபந்தனை இறுக்கமாக இருந்தால் ஊருக்கு நிம்மதி. ஆனால் அறை தேடி அலையும் மாணவருக்கு அதனால் ஒரு கட்டில்கூடக் கிடைப்பதில்லை. வாக்குச்சீட்டு நிரந்தரக் குடியிருப்பாளரின் கையில் இருக்கிறது, நான்கு ஆண்டில் ஊரைவிட்டுப் போகிறவரின் குரல் அதில் மெலிந்தே ஒலிக்கும் என்ற குறையும் நியாயமானதே. பல்கலைக்கழகம் தன் சொந்த நிலத்தில் எழுப்பி 2011-இல் திறந்த வெஸ்ட் வில்லேஜ் குடியிருப்புக்கு நகரின் வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. மாணவர் அறைகளுக்கு அதுவே குறுக்குவழி ஆயிற்று.

வசதி வந்த பிறகே வீடு என்ற முறைக்கு முன்னோடி, நியூயார்க் மாநிலத்தின் ராமபோ. 1969-இல் அவ்வூர் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. சாக்கடை, வடிகால், பள்ளி மற்றும் பூங்கா, சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை எவ்வளவு அருகில் உள்ளன என்று பார்த்து மதிப்பெண். 15 தேறினால்தான் அனுமதி. ஊராட்சி இந்த வசதிகளை 18 ஆண்டுகளில் படிப்படியாக நிறைவேற்றும். காத்திருக்க மனமில்லாத கட்டுநர் தன் செலவில் வசதியைச் செய்து மதிப்பெண் வாங்கிக்கொள்ளலாம். 1972-இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது. வசதிகள் திட்டமிட்ட வேகத்தில் வராததும் ஒரு காரணமாக, 1983-இல் ஊரே அதைக் கைவிட்டது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்த வரிசையைத் தானே கடைப்பிடித்தது. நகரின் வடமேற்கில் 3,000 வீடுகள், 2,000 மாணவர் அறைகள் என்ற திட்டத்துக்கு 2013-இல் அனுமதி கிடைத்தது. வீடுகளில் பாதி பல்கலைக்கழக ஊழியருக்கு. அந்தப் புது ஊரின் பெயர் எடிங்டன். வட்ட வடிவத்தில் கட்டிய அதன் தொடக்கப்பள்ளி 2015-இல் திறந்தது. முதல் குடும்பங்கள் வந்தது 2017-இல். சுற்றுப்புறப் பள்ளிகளில் இடம் பறிபோகும் என்ற அச்சத்துக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. நிலமும் பணமும் ஒரே நிறுவனத்திடம் இருக்கும் இடத்தில்தான் இப்படிச் செய்வது எளிது. தனியார் கட்டுநர் பலர் பங்குபோட்ட நிலத்தில் பள்ளிக்கு யார் பணம் தருவது என்பதிலேயே வருடங்கள் ஓடிவிடும்.

டேவிஸில் வாக்கெடுப்பு விதியை நீட்டிக்கலாமா என்ற கேள்வி 2020-இல் மக்கள் முன் வந்தது. வீட்டுப் பஞ்சம் தீராத நிலையிலும் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஆதரித்தார்கள். விதி 2030 வரை நீடிக்கிறது.