அவசரமும் ஒழுங்கும்

நான் தலைமையாசிரியராக இருந்த ஊரில் ஒரு மழைக்காலத்தில் சாலைப் பாலம் இடிந்தது. மூன்று மாதம் பிள்ளைகள் ஓடையில் இறங்கியே பள்ளிக்கு வந்தனர். "அகப்பட்ட கண்டிராக்டரிடம் உடனே ஒப்படைத்தால் என்ன, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அன்று என்னால் தெளிவான விடை கூற இயலவில்லை, இன்று கூறுகிறேன்.

சாதாரண காலத்தில் அரசு, டெண்டரை விளம்பரப்படுத்தி, தகுதியுடையோருள் குறைந்த விலை கூறியவரிடம் வேலையை ஒப்படைக்கிறது. தகுதி என்பது யாது? அத்தகைய பணியை முன்பு முடித்த அனுபவம், பண வசதி, இயந்திரங்கள், பொறியாளர்கள் ஆகியவையே. தகுதியற்றவர் கட்டிய பாலம் அடுத்த வெள்ளத்தில் மக்களோடு வீழக்கூடும்.

ஆபத்துக் காலத்தில் நீண்ட விளம்பரத்திற்கு நேரமில்லை. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும், அரசு அறிவிக்கும் இயற்கைப் பேரிடரின்போது விலக்கு அளிக்கிறது. ஆனால் விலக்கு என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று.

அமெரிக்காவில் ஓக்லந்து நகரருகே, 2007 ஏப்ரல் 29ஆம் நாள், பெட்ரோல் லாரி ஒன்று கவிழ்ந்து எரிந்ததில் மேம்பாலப் பகுதி சரிந்தது. கலிபோர்னியா அரசு, தகுதி அறிந்த சில நிறுவனங்களை மட்டும் அழைத்து விலை கேட்டது. சி. சி. மையர்ஸ் நிறுவனம் 8,67,075 டாலருக்கு இசைந்தது. கெடுவுக்கு முன் மிச்சமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை. அதன் உச்சவரம்பு 50 லட்சம். தாமதித்தாலோ அபராதம். விபத்து நிகழ்ந்த 26 நாட்களுக்குள் பாலம் திறக்கப்பட்டது. ஊக்கத்தொகையும் முழுமையாகக் கிடைத்தது. கூலியினும் பரிசு பெரிதாயிற்றே என்பீர்கள். பாலம் மூடிய ஒவ்வொரு நாளும் பொதுமக்களுக்கு நேரும் நட்டத்தை எண்ணியே அப்பரிசு வகுக்கப்பட்டது.

அவசரத்தில் குறுக வேண்டியது காலமே. தகுதிச் சோதனையும் கணக்கும் அல்ல. அந்த மாணவனுக்கு நான் கடன்பட்டிருந்த விடை இதுவே.