மடை திறக்கும் புரதங்கள்

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் நெல், கரும்பு, மக்காச்சோளம் ஆகியவை விளைகின்றன. மேற்கே கல்வராயன் மலைமீது ஏறினால் காட்சி மாறுகிறது. அங்கே சரிவு நிலங்களில் சாமை, தினை போன்ற சிறுதானியங்கள் வானம் பார்த்த பயிர்களாக வளர்கின்றன. இரண்டு வாரம் மழை பொய்த்தால் பாசனமற்ற நெல் வாடிவிடும்; சிறுதானியமோ தாக்குப் பிடிக்கும். இது எப்படி?

காரணங்கள் பல. சிறுதானியங்களுக்கு வயது குறைவு. அவற்றின் ஒளிச்சேர்க்கை முறை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. இவற்றோடு, செல்லுக்குள் நடைபெறும் ஒரு நிர்வாகமும் உண்டு. அதைத்தான் இங்கே காணப்போகிறோம்.

ஒரு செடியின் வேர், இலை, கதிர் ஆகிய எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்களின் தொகுதிதான் இருக்கிறது. ஆயினும் வேர் வேராகவும் இலை இலையாகவும் இருக்கக் காரணம், எல்லா ஜீன்களும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை என்பதே. ஏரிப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால்கள் பல இருந்தாலும், எந்த மடையை எப்போது திறப்பது என்று பார்த்துச் செய்ய நீர்பாய்ச்சி ஒருவர் வேண்டும். செல்லில் அந்த வேலையைச் செய்பவை ஒழுங்குபடுத்தும் புரதங்கள்.

இவை எவ்வாறு தமக்குரிய மடையைக் கண்டுபிடிக்கின்றன? டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் ஆன முறுக்கேணி. ஒவ்வொரு ஜீனுக்கும் முன்னால் சில எழுத்துகள் அடையாளக் குறிபோல் அமைந்துள்ளன. முறுக்கேணியின் பள்ளத்தில் ஒழுங்குபடுத்தும் புரதத்தின் ஒரு பகுதி பொருந்தி, அந்த எழுத்துகளைத் தடவிப் படிக்கிறது எனலாம். எடுத்துக்காட்டாக, டிரெப் என்னும் புரதங்கள் சி-சி-ஜி-ஏ-சி என்ற வரிசையைத் தேடிப் பற்றுகின்றன. வறட்சி வந்ததும் இப்புரதங்கள் பெருகுகின்றன. இக்குறியைத் தாங்கிய பல ஜீன்கள் ஒருங்கே விழித்து, செல்லைக் காக்கும் பொருள்களை உண்டாக்குகின்றன.

குடும்பம் பெருகிய கதை

பரிணாமப் போக்கில் சில சமயம் ஒரு ஜீன் இரண்டு பிரதிகளாகிவிடும். ஒரு பிரதி பழைய வேலையைச் செய்துகொண்டிருக்க, மற்றது மாறுதலடைந்து புதிய வேலையைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி மட்டும் பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது. அந்தச் சாயலைக் கொண்டே ‘இவை ஒரே குடும்பம்’ என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

தாவரங்களில் இத்தகைய ஜீன் ஒன்று 1987-இல் மக்காச்சோளத்தில் அடையாளம் காணப்பட்டது. மணிக்கு ஊதா நிறம் தரும் மடையைத் திறக்கும் அந்த ஜீன், விலங்குகளில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ‘மிப்’ குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தது!

தினையின் முழு டி.என்.ஏ. வரிசை 2012-இல் வெளியாயிற்று. அதன் பின் புதுடில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தார் அதில் இக்குடும்பங்களைத் தேடிக் கணக்கெடுத்தனர். ‘நாக்’ குடும்பத்தில் 147, ‘மிப்’ குடும்பத்தில் 209, ‘ஏபி2’ குடும்பத்தில் 171 ஜீன்கள் கிடைத்தன. டிரெப் இந்த ஏபி2 குடும்பத்தின் ஒரு கிளையாகும். அதே நிறுவனத்தார் 2011-இல் இன்னொரு செய்தியையும் வெளியிட்டிருந்தனர். தினையின் டிரெப் ஜீன் ஒன்றில், வறட்சியைத் தாங்கும் இரகங்களுக்கும் தாங்காதவற்றுக்கும் இடையே ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. ஒரே ஓர் எழுத்து!

அப்படியானால் டிரெப் புரதத்தை எப்போதும் பெருகச் செய்துவிட்டால் வறட்சியே தாக்காதல்லவா? முடியாது. சோதனைச் செடிகளில் அவ்வாறு செய்தபோது அவை குள்ளமாகிவிட்டன. எல்லா மடையையும் எந்நேரமும் திறந்து வைத்தால் ஏரி வற்றிப்போகும் அல்லவா? உரிய காலத்தில் திறந்து, உரிய காலத்தில் மூடுவதே சிறப்பு.

நாட்டு விதையின் மதிப்பு

இதே ஏபி2 குடும்பத்தின் மற்றோர் உறுப்பினர் வெள்ளத்திலிருந்து நெல்லைக் காக்கிறது. சப்1ஏ என்ற அந்த ஜீன் 2006-இல் கண்டறியப்பட்டது. பயிர் மூழ்கியதும் வீணாக உயர்ந்து வளர்ந்து சேமிப்பைச் செலவழிக்காதபடி அது தடுக்கிறது; ஏறத்தாழ இரண்டு வாரம் பயிர் உயிர் பிழைக்கிறது. பின்னர் கலப்பு முறையில் இந்த ஜீனைப் பெற்ற ஸ்வர்ணா-சப்1 என்ற நெல் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இந்த ஜீன் எங்கிருந்து வந்தது? ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து! மகசூல் குறைவு என்று அந்த விதையை எல்லாரும் கைவிட்டிருந்தால், இன்று அந்த ஜீனும் நம் கைக்கு எட்டியிராது.

கல்வராயன் மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் சாமை, தினை விதைகளையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாட்டு இரகத்திலும் சில எழுத்துகள் வேறுபட்டிருக்கலாம். அவற்றில் எது நாளைய வறட்சிக்கு விடை என்று இன்றே சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்கள் விதைகளைச் சேர்த்து வைக்கலாம். ஆனால் மாறிவரும் மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ப விதை தொடர்ந்து பழகுவது வயலில்தான்.

அடுத்த முறை ஒரு பிடி சாமையைக் கையில் எடுக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்: ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கான நீர்பாய்ச்சிகள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் இன்னின்ன மடைக்கு உரியவர்கள் என்பது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த வேலை உங்களுக்காகவும் காத்திருக்கிறது.