வாங்கிய பாட்டுக்குப் பூட்டு எதற்கு?

2008 ஏப்ரலில், அமெரிக்காவின் 'எம்.எஸ்.என் மியூசிக்' இணையக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர்கள் வாங்கிய பாடல்களுக்கு அனுமதி கொடுக்கும் சர்வர்கள் ஆகஸ்ட் 31-உடன் நிறுத்தப்படும் என்பதுதான் சேதி. அந்தத் தேதிக்குப் பிறகு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் சரி, விண்டோஸை மாற்றினாலும் சரி, பழைய பாடல்களை அதில் கேட்க முடியாது. கடையே 2006-ல் மூடப்பட்டுவிட்டதால், போய்க் கேட்கவும் இடமில்லை.

திருட்டுத்தனமாகப் பதிவிறக்கம் செய்தவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் வீதம் நேர்மையாகக் கொடுத்தவர்தான் தவித்துப்போனார். எதிர்ப்பு வலுத்ததும் மைக்ரோசாஃப்ட் 2011 இறுதி வரை கெடுவை நீட்டித்தது. அதே 2008-ல் யாஹூவின் இசைக் கடையும் இப்படித்தான் மூடப்பட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகே ஈடு தருவதாக அந்த நிறுவனம் இறங்கிவந்தது.

பூட்டு வந்த கதை

1999-ல் நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வுச் சேவை வந்ததும் இணையத்தில் பாடல்கள் இலவசமாகக் கைமாறத் தொடங்கின. இசை நிறுவனங்கள் ஆடிப்போயின. இணையத்தில் விற்க வேண்டுமானால் ஒவ்வொரு பாட்டுக்கும் டி.ஆர்.எம் என்ற பூட்டு போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றன. 2003 ஏப்ரல் 28 அன்று, 2 லட்சம் பாடல்களோடு, பாட்டு 99 சென்ட் என்ற விலையில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை திறந்தது அந்த நிபந்தனையோடுதான்.

பாட்டு ஃபைல் சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி, வாங்கியவரின் கணக்கோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். முதலில் 3 கம்ப்யூட்டர், பிறகு 5 கம்ப்யூட்டர் வரை அனுமதி. ஐபாடில் கேட்கலாம், வேறு நிறுவனத்தின் பிளேயரில் அந்த ஃபைல் ஓடாது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு 'பிளேஸ்ஃபார்ஷ்யூர்' என்று ஒரு முத்திரையைப் பல நிறுவனங்களின் பிளேயர்களுக்கு வழங்கியது. 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சூன் பிளேயரில், அந்த முத்திரையை நம்பி வாங்கிய பாடல்கள் ஓடவில்லை.

இத்தனை கட்டுக்காவலும் திருட்டைத் தடுத்ததா? ஐடியூன்ஸிலேயே வழி இருந்தது. வாங்கிய பாடல்களை ஒரு வெற்று சி.டி.யில் ஆடியோ சி.டி.யாக எழுதி, அதே சி.டி.யைத் திரும்ப டிரைவில் போட்டு எம்பி3-ஆக இறக்கினால் பூட்டு போய்விடும். ஆனால், 128 கிலோபிட் அளவுக்கு ஏற்கெனவே சுருக்கப்பட்ட பாட்டு இரண்டாவது முறையும் சுருங்கும்போது ஒலித் தரம் குறையும். காசு கொடுத்தவர், தன் பாட்டைத் தன் இன்னொரு பிளேயரில் கேட்பதற்காகத் தரத்தை இழக்க வேண்டியிருந்தது.

பூட்டு போன பிறகு

2007 பிப்ரவரியில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம், பூட்டு வேண்டும் என்ற வாதத்தின் வேரையே அசைத்தது. 2006-ல் இணையக் கடைகள் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. இசை நிறுவனங்களே சி.டி.யில் பூட்டில்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல் என்று கணக்கைப் போட்டுக் காட்டினார். முன்வாசலைத் திறந்துவைத்துவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதைதான் இது. இ.எம்.ஐ. இசை நிறுவனம் அந்த ஆண்டே பூட்டை விலக்கியது. அமேசான் பூட்டில்லாத எம்பி3 கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில் ஐடியூன்ஸும் தன் பாடல்கள் அனைத்துக்கும் பூட்டு நீங்குவதாக அறிவித்தது. அதனால் இசைத் தொழில் மூழ்கிவிடவில்லை. அமெரிக்காவில் பதிவிறக்க விற்பனை 2012 வரை ஏறுமுகமாகவே இருந்தது.

பூட்டு இல்லாவிட்டால் வாங்கியவருக்கு இழப்பில்லை என்பதற்கு நம் ஊரிலும் சாட்சி உண்டு. ஃப்ளிப்கார்ட் 2012-ல் தொடங்கிய 'ஃப்ளைட்' இசைக் கடை அடுத்த ஆண்டே மூடப்பட்டது. ஆனால், அங்கே விற்கப்பட்டவை பூட்டில்லாத எம்பி3-கள். இறக்கி வைத்துக்கொண்டவர்களின் பாடல்களைக் கடையின் மூடல் தொடவே இல்லை.

நம் சட்டமும் இதில் நிதானமாக நடந்துகொண்டிருக்கிறது. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டை உடைப்பதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. உடைப்பதையே தடைசெய்யும் அமெரிக்காவின் 1998 சட்டத்தைவிட இது நியாயமானது.

இன்று ஸ்ட்ரீமிங் காலம். ஸ்பாட்டிஃபையில் 'டவுன்லோடு' செய்த பாட்டும் நம் ஃபைல் அல்ல. 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணையாவிட்டால் அது போய்விடும். மாதச் சந்தா என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள் என்பதால் அதில் ஏமாற்று இல்லை. விற்பனை என்று சொல்லி முழு விலையையும் வாங்கிக்கொண்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதுதான் அநியாயம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், வெறும் உரிமத்தை விற்பனை என்று காட்டும் கடை அந்த உண்மையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்கும் அப்படி ஒரு விதி தேவை.

பாட்டை உருவாக்கியவருக்குக் காசு போய்ச் சேர வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆகவே, மனசுக்குப் பிடித்த பாடல்களையாவது காசு கொடுத்தே வாங்குங்கள். பேண்ட்கேம்ப் போல, எம்பி3 அல்லது ஃப்ளாக் ஃபைலாகவே கையில் தரும் கடைகளில் வாங்குங்கள். வாங்கிய அன்றே இறக்கி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கடை நாளைக்கே மூடினாலும் பாட்டு உங்களிடம் இருக்கும்.