கண்மாய்க் கரையில் ஒரு பயிற்சி

காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில், திருப்பத்தூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் கொள்ளுக்குடிப்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்க் கண்மாய்களும் அண்டையிலுள்ள வேட்டங்குடிப்பட்டிக் கண்மாயும் 1977ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 38 ஹெக்டேர். மாரிக்காலத்தில் கண்மாய் நிரம்பியதும் நீரிடை நிற்கும் கருவேல மரங்களில் நாரை, நீர்க்காகம், வக்கா முதலிய பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வெடியோசை கேட்டுப் பறவைகள் அஞ்சும் என்று கருதி, அவ்வூர் மக்கள் தீபாவளி நாளிலும் பட்டாசு வெடிப்பதில்லை. பெரியோர் பொறுத்துக்கொள்வதில் வியப்பில்லை. சிறுவரும் இதற்கு இசைந்து நடப்பதே வியப்பு.

இக்கரைக்கு மாணாக்கரை அழைத்து வருதல் எளிது. வந்தபின் செய்வது யாது? "ஐயா, அஃது என்ன பறவை?" என்று சிறுவன் ஒருவன் கேட்பான். "கொக்கு" என்பார் ஆசிரியர். வேறொன்றைக் காட்டிக் கேட்பான், அதுவும் கொக்கே. மூன்றாம் வினா எழாது. இஃது ஆசிரியர் குற்றமன்று. அவர் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் அவரைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்றார் எவரும் இலர்.

இத்துறையில் பயிற்சி பெற்றவரோ பெயரை உடனே கூறிவிடார். "அதன் அலகைப் பார்" என்பார். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளும் நடுவே பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். நத்தையைப் பற்றி, ஓட்டினுள் இருக்கும் உடலை வெளிக்கொணர ஏற்ற அலகு அது. கரண்டிவாயன் தன் தட்டையான அலகைச் சிறிது திறந்து, நீருள் இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கும். தட்டுப்படும் சிற்றுயிரைக் கவ்வும். பாம்புத்தாரா மூழ்கிச் சென்று மீனைக் கூரிய அலகால் குத்திப் பிடிக்கும். அதன் இறகுகள் எளிதில் நனைந்துவிடும். ஆதலின் அது கிளையில் அமர்ந்து சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும். ஒரே கண்மாயில் இத்தனை பறவைகளும் பிழைப்பது எங்ஙனம் என்று அவ்வாசிரியர் வினவுவாராயின், விடை மாணாக்கர் வாயிலிருந்தே வரும்.

இத்தகைய பயிற்சி புதியதன்று. அமெரிக்காவில் பெனிகீஸ் என்னும் சிறு தீவில், லூயி அகாசி என்னும் அறிஞர் 1873ஆம் ஆண்டுக் கோடையில் ஆசிரியர்க்கென ஓர் இயற்கைப் பள்ளி தொடங்கினார். தீவையும் பொருளையும் வழங்கியவர் ஒரு வணிகர். ஆடவரும் பெண்டிருமாக ஏறத்தாழ ஐம்பதின்மர் அங்குக் கூடினர். முன்னொரு காலத்தில், மாணவர் ஒருவர் கையில் மீனொன்றைக் கொடுத்து, மூன்று நாள் அதனையே உற்று நோக்கச் செய்தவர் அகாசி. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் காலமானார்; பள்ளியும் அடுத்த கோடையோடு நின்றுவிட்டது. எனினும் அங்குக் கற்றவர்கள் பல ஊர்களுக்கும் அம்முறையைக் கொண்டு சென்றனர்.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி சிறுவராய் இருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு ஐயுற்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அதனை எடுத்துச் சென்றார். செயலாளர் மில்லார்டு அதன் பெயரைக் கூறியதோடு நில்லாமல், கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் எடுத்துக் காட்டினார். சிறுவரை மதித்து விடை கூற அறிந்த இயற்கையறிஞர் அவர்.

அத்தகையோர் மிகச் சிலரே. பறவையை அறிந்தவர்க்குப் பெரும்பாலும் வகுப்பறை பழக்கமில்லை. வகுப்பறையில் வல்ல ஆசிரியர்க்குப் பறவை தெரிவதில்லை. ஆகவே இருசாராரும் கூடிப் பயிலுதல் வேண்டும். சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்குமாறு உச்சநீதிமன்றம் 1991ஆம் ஆண்டில் ஆணையிட்டது, பாடநூல்களும் வந்தன. பாடநூல் மட்டும் பறவையைக் காட்டிவிடாது. மைசூரில் 1996ஆம் ஆண்டில் தோன்றிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, பறவைகளைக் குழந்தைகட்கு அறிமுகஞ்செய்யும் முறையை ஆசிரியர்க்கும் ஆர்வலர்க்கும் பயிற்றுகின்றது. 1978 முதல் இயங்கும் சென்னை இயற்கையாளர் கழகத்தார் வெளியிடங்கட்குச் சென்று உயிரினங்களை நோக்கி வருகின்றனர். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் சாலிம் அலியின் பெயரால் பறவையியல் மையமும் உண்டு.

வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் 1950ஆம் ஆண்டில் நிறுவிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, இன்று அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியாகத் திகழ்கின்றது. அங்குப் பயில்வோர் காலையிற் புறப்பட்டுக் கொள்ளுக்குடிப்பட்டிக்குச் சென்று மாலையில் திரும்பலாம். முதல் நாள் அரைமணி நேரம் ஒரே பறவையை நோக்கி, கண்டதை மட்டும் எழுதினால் போதும். கையேடும் தொலைநோக்கியும் பின்னர் வரலாம். கார்த்திகை முதல் மாசி வரை இதற்கேற்ற பருவம். கோடையில் நீர் வற்றியதும் பறவைகள் போய்விடும்.